பூனைக்கு லுகேமியா வைரஸ் பாசிட்டிவ். வீட்டில் இன்னொரு பூனையும் இருக்கு. அடுத்து என்ன செய்யணும்?

உறையூர் பூனை (கேள்வி)

வணக்கம். திருச்சியில் அடுக்குமாடி வீடு, ரெண்டு பூனைகள். விவரத்தை முழுசா எழுதிடறேன், அப்பதான் நீங்க சொல்றதுக்கு வசதியா இருக்கும்.

மூத்தவள் மணி. நாலு வயசு, கருத்தடை ஆனவள், 3.9 கிலோ, வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருக்கு, வெளியே போறதே இல்லை. இளையவன் கருப்பன். தெருவிலிருந்து வந்தவன், பல்லைப் பார்த்து டாக்டர் ஒரு வயசு இருக்கும்னு சொன்னார். 3.4 கிலோ, கருத்தடை ஆகலை. அவன் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ரெண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடறாங்க, ஒரே மணல் தொட்டி, ஒருத்தரை ஒருத்தர் நக்கிக் குளிப்பாட்டிக்கிறாங்க.

கருத்தடைக்கு முன்னாடி கருப்பனுக்கு ரத்தம் எடுத்ததில் கிட் டெஸ்ட்டில் லுகேமியா பாசிட்டிவ், எஃப்ஐவி (பூனை எய்ட்ஸ்னு சொல்ற வைரஸ்) நெகட்டிவ். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவோட பங்கு) 22 சதவீதம். காய்ச்சல் 39.7 டிகிரி. ஈறு வெளுத்திருக்கு, உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. வழக்கமா சாப்பிடறதில் பாதிதான் சாப்பிடறான். கருத்தடையைத் தள்ளி வெச்சிருக்காங்க.

என் கேள்விகள்: இந்த ஒரு டெஸ்ட்டை நம்பலாமா? மணிக்கு ஏற்கெனவே ஒட்டியிருக்குமா, ரெண்டு பேரையும் எப்படிப் பிரிச்சு வைக்கிறது? ரெண்டே படுக்கையறை வீடு. வீட்டில் மூணு வயசுக் குழந்தை இருக்கு, அண்ணி கர்ப்பமா இருக்காங்க, அவங்களுக்கு ஏதாவது ஆகுமா? கருணைக்கொலை பண்ணிடலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. அதை நான் ஏத்துக்கலை, ஆனா அவன் எவ்வளவு நாள் இருப்பான்னு தெரிஞ்சுக்கணும்.

---

லேப் மேசை

டெஸ்ட் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிகிச்சையை மற்றவர்கள் சொல்வார்கள்.

அந்தக் கிட் தேடுவது பி27 என்ற வைரஸ் புரதத்தை. அதாவது வைரஸின் ஒரு பாகத்தையே நேரடியாகத் தேடுகிறது, எதிர்ப்புப் பொருளை அல்ல. அதனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளோ தடுப்பூசியோ லுகேமியா முடிவைக் குழப்பாது. அதே கிட்டில் இருக்கும் எஃப்ஐவி பகுதி அப்படி இல்லை, அது எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. இந்த இரண்டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பொய் பாசிட்டிவ் வர வாய்ப்பு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1000 ஆரோக்கியமான வீட்டுப் பூனைகளில் 10 பூனைக்கு மட்டும் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிட் நூற்றுக்கு 98 தடவை நெகட்டிவைச் சரியாகச் சொல்லும் என்றாலும், மீதி 990 பூனைகளில் ஏறக்குறைய 20 பூனைக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். உண்மைப் பாசிட்டிவ் 10, பொய்ப் பாசிட்டிவ் 20. ஆனால் உங்கள் கருப்பன் தெருவில் வளர்ந்த, கருத்தடை ஆகாத, ரத்தசோகையும் காய்ச்சலும் உள்ள இளம் ஆண் பூனை. அப்படிப்பட்ட பூனையில் வரும் பாசிட்டிவ் உண்மையாக இருக்கும் வாய்ப்பு மேலே சொன்ன கணக்கைவிட மிக அதிகம். இருந்தாலும் உறுதி செய்யாமல் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள்.

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டியது, எதில் டெஸ்ட் செய்தார்கள் என்று. முழு ரத்தத்தை அப்படியே சொட்டு விட்டார்களா, அணுக்களை நீக்கிய தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து வைத்தார்களா? முழு ரத்தத்தில், அதுவும் ரத்த அணு உடைந்து சிவந்த மாதிரியில், தவறு கூடும். கிட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்துவதும் தவறுக்கு ஒரு காரணம், அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் கொடுக்க வேண்டும். ஸ்நாப் வகைக் கிட்டில் மூன்று சொட்டு மாதிரி, நான்கு சொட்டு கரைசல், மெதுவாகக் குப்புறக் கவிழ்த்துக் கலந்து ஊற்றி, அழுத்திய பிறகு சரியாகப் பத்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும். அரை மணி கழித்துத் தெரியும் மங்கலான நிறத்தை முடிவாக எடுக்கக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து உள்ள ஊதா மூடி இடிடிஏ குழாயில் ஒரு மி.லி. ரத்தம், சிவப்பு மூடிக் குழாயில் ஒரு மி.லி. சீரத்தில் எலைசா, அதாவது அந்த பி27 டெஸ்ட், மறுபடி. இடிடிஏ ரத்தத்தில் புரோவைரஸ் பி.சி.ஆர். இது ரெட்ரோவைரஸ். பூனையின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தன் பிரதியைச் செருகிவிடும், அந்தப் பிரதியைத்தான் பி.சி.ஆர். தேடுகிறது. குழாயைப் பனிக்கட்டிப் பையோடு 2 முதல் 8 டிகிரிக்குள் அனுப்ப வேண்டும், உறைய விடக் கூடாது. பெரியவர்களுக்கான 3 மி.லி. குழாயில் அரை மி.லி. மட்டும் விட்டால் மருந்து விகிதம் கூடி, அணுக்கள் சுருங்கி, பிசிவி உண்மையைவிடக் குறைவாக வரும். குழந்தைகளுக்கான சின்னக் குழாய் கேளுங்கள்.

முடிவைப் படிப்பது இப்படி. எலைசா பாசிட்டிவ், பி.சி.ஆர். பாசிட்டிவ் என்றால் தொற்று உண்மை. ஆனால் அது உடம்பு முழுக்கப் பரவி நிலைத்த வகையா, உடம்பு அடக்கிவிடக்கூடிய வகையா என்று அன்றைக்கே சொல்ல முடியாது. எலைசாவை 6 முதல் 8 வாரம் கழித்தும், அப்போதும் பாசிட்டிவ் என்றால் முதல் டெஸ்ட்டிலிருந்து 16 வாரம் ஆனபிறகும் திரும்பச் செய்ய வேண்டும். 16 வாரத்துக்குப் பிறகும் பாசிட்டிவ் என்றால் நிலைத்த தொற்று என்று கொள்ளலாம். எலைசா நெகட்டிவ் ஆகி பி.சி.ஆர். மட்டும் பாசிட்டிவாக நின்றால் அடங்கிய தொற்று. அந்தப் பூனை எச்சிலில் வைரஸை வெளியே விடாது, பல காலம் நன்றாக வாழலாம். ஒன்றே ஒன்று, அது எந்தக் காலத்திலும் ரத்த தானம் செய்யக் கூடாது, ரத்தம் வழியே போய்விடும். எலைசா பாசிட்டிவ், பி.சி.ஆர். நெகட்டிவ் என்று முரணாக வந்தால் கிட் தவறு செய்திருக்க வாய்ப்பு உண்டு, இரண்டையும் மறுபடி செய்ய வேண்டும்.

திருச்சிக்கு நாமக்கல், ஒரத்தநாடு இரண்டு இடத்திலும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகுமுன் போனில் பி.சி.ஆர். பற்றிக் கேட்டுவிட்டுப் போங்கள். பூனையைப் பெட்டியில் அடைத்து வெயிலில் அலையவிடுவதைவிடக் குழாயை மட்டும் அனுப்ப முடிந்தால் அதுவே மேல்.

---

கால்நடை நிலா

லேப் மேசை சொன்னதெல்லாம் சரி. ஆனா அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாத விஷயம் ஒண்ணு உங்க கேள்விக்குள்ளேயே இருக்கு தம்பி. பிசிவி 22, காய்ச்சல் 39.7, உடம்பு முழுக்கத் தெள்ளு. லுகேமியான்னு பேர் வந்த உடனே எல்லாத்தையும் அந்த வைரஸ் தலையில் கட்டிடுறாங்க. அதனாலேயே சரிபண்ணக்கூடிய நோயில் பூனைகள் செத்துப்போகுது.

கருப்பனோட ரத்தசோகைக்கு மூணு காரணம் இருக்கலாம், ஒண்ணுக்கு மேலயும் இருக்கலாம். தெள்ளு குடிச்ச ரத்தம். தெள்ளு பரப்பும்னு கருதப்படுற மைகோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ், இது சிவப்பணு மேலேயே ஒட்டிக்கிட்டு அணுவை அழிக்கிற கிருமி. மூணாவதுதான் வைரஸ் எலும்பு மஜ்ஜையை அடக்குறது. முதல் ரெண்டும் குணமாகும்.

எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? டாக்டர்கிட்ட ரெட்டிகுலோசைட், அதாவது பிஞ்சு சிவப்பணு, எண்ணிக்கை கேளுங்க. ரத்தம் போச்சுன்னாலோ அணு அழிஞ்சாலோ, மஜ்ஜை நாலஞ்சு நாளில் பிஞ்சு அணுக்களை அனுப்ப ஆரம்பிக்கும். அந்த எண்ணிக்கை நல்லா ஏறியிருந்தா மஜ்ஜை வேலை செய்யுது, நம்பிக்கையா இருக்கலாம். பிசிவி குறைஞ்சு ஒரு வாரம் ஆகியும் பிஞ்சு அணுவே இல்லைன்னா மஜ்ஜையில் சிக்கல். அணுக்கள் வழக்கத்தைவிடப் பெருசா இருந்து பிஞ்சு அணு இல்லாம இருந்தா, அது லுகேமியா வைரஸ்தான் காரணம்னு வலுவாச் சந்தேகப்பட வைக்கிற அறிகுறி. கூடவே ரத்தப்பூச்சு ஸ்லைடு ஒண்ணு. அதை ரத்தம் எடுத்த அந்த நிமிஷமே தடவணும். இடிடிஏ குழாயில் கிடந்தா இந்தக் கிருமி அணுவிலிருந்து கழண்டு விழுந்துடும், ஸ்லைடில் தெரியாது. ஸ்லைடில் தெரியலைங்கிறதால இல்லைன்னும் ஆகாது, அதுக்கும் பி.சி.ஆர். இருக்கு. பூனை ரத்தத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தா ஒட்டிக்கும், அதனால மெஷின் காட்டுற தட்டணு எண்ணிக்கை பொய்யாக் குறைஞ்சு வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்தக் கிருமிக்கு மருந்து டாக்ஸிசைக்ளின். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 மி.கி., கருப்பனுக்கு 34 மி.கி. வரும். பொதுவா ரெண்டு முதல் நாலு வாரம். அளவையும் நாளையும் உங்க டாக்டர்தான் எழுதணும். நீங்க கவனிக்க வேண்டியது கொடுக்கிற முறை. மனுஷங்க சாப்பிடற காப்ஸ்யூலையோ மாத்திரையையோ வெறும் தொண்டையில் போட்டா, பூனையோட உணவுக்குழாயில் ஒட்டிக்கிட்டு அங்கேயே வெந்துபோய், குழாய் சுருங்கிடும். அப்புறம் அது எதையுமே முழுங்க முடியாது. மாத்திரை கொடுத்த உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 முதல் 6 மி.லி. தண்ணியைக் கடைவாய் ஓரமாக் கொஞ்சம் கொஞ்சமா விடணும், இல்லைன்னா ஒரு ஸ்பூன் ஈர உணவு உடனே கொடுக்கணும். பால், தயிரோட கொடுக்காதீங்க, சுண்ணாம்புச்சத்து மருந்தைப் பிடிச்சுக்கும். மாத்திரையைத் தண்ணியில் கரைச்சு வெச்சுக்கிட்டா ஒரு வாரத்துக்கு மேல வீரியம் இருக்காது, பாட்டில் தேதியைப் பாருங்க.

தெள்ளுக்குப் பூனைக்குன்னே வர்ற ஃபிப்ரோனில் சொட்டு, 0.5 மி.லி. சின்னக் குழல், மாசம் ஒண்ணு. கழுத்துக்குப் பின்னாடி முடியை விலக்கித் தோல் தெரியற இடத்தில் விடணும், முடி மேல விட்டா வேஸ்ட். முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. மணிக்கும் சேர்த்துப் போடுங்க. நாய்க்கு விக்கிற பெர்மெத்ரின் கலந்த சொட்டு, பவுடர், ஷாம்பு எதையும் பூனை பக்கமே கொண்டுவராதீங்க. வலிப்பு வந்து செத்துடும். தரை இடுக்கிலும் படுக்கையிலும் தெள்ளுக் கூடுகள் இருக்கும், அதனால மருந்து போட்ட பிறகும் சில வாரம் புதுத் தெள்ளு வந்துக்கிட்டே இருக்கும். மருந்து வேலை செய்யலைன்னு நினைச்சு டபுள் டோஸ் போட்டுடாதீங்க. படுக்கைத் துணியைச் சூடான தண்ணியில் துவைங்க, இடுக்குகளை வேக்யூம் பண்ணுங்க.

பிசிவி 15-க்குக் கீழே போய் பூனை சோர்ந்து படுத்துட்டா ரத்தம் ஏத்த வேண்டி வரலாம். பூனைக்கு ஏ, பி ரத்த வகை உண்டு. பி வகைப் பூனைக்கு ஏ ரத்தம் முதல் தடவை ஏத்தினாலே உயிருக்கு ஆபத்து, வகை பார்க்காம ஏத்த விடாதீங்க.

கருத்தடையைக் கைவிட வேண்டாம், தள்ளி வைங்க. காய்ச்சல் போய், பிசிவி ஏறி, எடை கூடின பிறகு செய்யலாம். ஆண் பூனை கருத்தடை ஆகலைன்னா வெளியே ஓடும், சண்டை போடும், கடிக்கும், கடிச்சா வைரஸ் ஏறும். அது வரைக்கும் கதவு ஜன்னல் பத்திரம்.

---

நாலுகால் கூட்டம்

வீட்டு ஏற்பாட்டுக்கு வருகிறேன். காப்பகத்தில் பாசிட்டிவ் பூனைகளை வைக்கும் முறையை வீட்டுக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

முதலில் இந்த வைரஸ் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் குழு இதைக் கண்டுபிடிக்கக் காரணமே, ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்து நிணநீர்ப் புற்று வந்ததுதான். சேர்ந்து வாழ்வதில்தான் இது பரவுகிறது. எச்சிலில் மிக அதிகம், மூக்குச் சளியிலும் உண்டு. சிறுநீர், மலம், தாய்ப்பாலிலும் இருக்கும். நக்குவது, பொதுத் தட்டு, கடி இதெல்லாம் வழி. உடம்புக்கு வெளியே இதற்கு ஆயுள் குறைவு. மேலே கொழுப்பு உறை உள்ள வைரஸ், உலர்ந்தால் சீக்கிரம் செத்துவிடும், சோப்புக்கே தாங்காது. ஈரமான தட்டு, ஈரமான மணல் இவற்றில்தான் கொஞ்ச நேரம் நிற்கும். ஆகவே பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் கருப்பன் இருந்தால் மணிக்குக் காற்றில் வராது.

ஒரு படுக்கையறை கருப்பனுக்கு. அதற்குள்ளேயே தண்ணீர்க் கிண்ணம், உணவுத் தட்டு, மணல் தொட்டி, பெட்டி, நகம் பிறாண்டக் கட்டை. தொட்டியும் தட்டும் எதிரெதிர் மூலையில். மணி வீட்டின் மற்ற பகுதியில். கதவடி இடைவெளியில் பாதம் நுழைத்து ஒன்றையொன்று நக்க முடிந்தால் ஒரு துணிச் சுருளை வைத்து அடையுங்கள். காலையில் முதலில் மணியின் வேலை, பிறகு கருப்பன், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல். இந்த வரிசை மாறக் கூடாது. தட்டுகளை வேறு நிறத்தில் வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் குழப்பமில்லை. பாத்திரம் துலக்கும் சோப்பு போதும்.

தரை துடைக்கும் விஷயத்தில் நம் வீடுகளில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஃபினாயில், டெட்டால் இரண்டுமே பூனைக்கு நஞ்சு. பூனையின் ஈரலால் அந்த வகை வேதிப்பொருளைச் சரியாகக் கழிக்க முடியாது, தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். சோப்புத் தண்ணீரில் முதலில் அழுக்கைக் கழுவுங்கள். பிறகு 5 சதவீத திரவ பிளீச் 30 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, வெறும் தண்ணீரில் மறுபடி துடைத்து உலர விடுங்கள். மணல் தொட்டியில் சிறுநீர் இருக்கும்போதே பிளீச் ஊற்றக் கூடாது, மூச்சை அடைக்கும் வாயு வரும். பீரோவில் அந்துருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள், அதுவும் சிவப்பணுவை உடைக்கும்.

மணிக்கு இப்போதே ஒரு டெஸ்ட். இரண்டு மாதம் சேர்ந்து இருந்துவிட்டார்கள், எனவே ஒட்டியிருக்கலாம். நெகட்டிவ் என்றால் கடைசியாகத் தொடர்பில் இருந்த நாளிலிருந்து 6 வாரம் கழித்து மறுபடி. ஒட்டியது கிட்டில் தெரிய ஏறத்தாழ 30 நாள் வரை ஆகலாம் என்பதால் முதல் நெகட்டிவை மட்டும் நம்ப முடியாது. வயது ஏற ஏற எதிர்ப்பு கூடும், நாலு வயதுப் பூனை குட்டியைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் ஒரே தட்டில் சாப்பிட்டால் வயது மட்டும் காப்பாற்றாது. லுகேமியா தடுப்பூசி கிடைத்தால் மணிக்கு 3 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை, ஒரு வருடத்தில் பூஸ்டர். அது முழுக் காப்பு அல்ல, பிரித்து வைப்பதை நிறுத்த அதைக் காரணமாக்க வேண்டாம். பாசிட்டிவ் பூனைக்கு அந்த ஊசியால் பலன் ஒன்றுமில்லை.

குழந்தைக்கும் அண்ணிக்கும்: இந்த வைரஸ் மனிதருக்கும் நாய்க்கும் தொற்றி நோய் உண்டாக்கியதாக இதுவரை நிரூபணம் இல்லை. அண்ணி கவனிக்க வேண்டியது வேறு, டாக்ஸோபிளாஸ்மா. மலத்தில் வெளியாகும் அந்த முட்டை தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். எனவே மணல் தொட்டியை தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் பெரும்பாலான ஆபத்து போய்விடும். அண்ணி தொட்டிப் பக்கம் போக வேண்டாம், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம்.

உணவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 3.4 கிலோ பூனைக்கு நாளுக்கு 200 முதல் 240 கலோரி வேண்டும். உலர் உணவு என்றால் ஏறத்தாழ 55 முதல் 65 கிராம், பையில் போட்டிருக்கும் கலோரியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வேகவைத்த கோழியோ மீனோ மேலே தூவலாம், அதை மட்டுமே உணவாக்கினால் சுண்ணாம்புச்சத்து, டாரின் என்ற சத்து இரண்டும் போதாது. பச்சை மீன், பச்சை முட்டை, காய்ச்சாத பால் கூடாது, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்குச் சால்மொனெல்லா ஒன்றே போதும் ஆளைச் சாய்க்க. மீன் குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடும் வழக்கம் பல வீட்டில் உண்டு. வெங்காயமும் பூண்டும் ஊறிய சாறு மீனுக்குள் இறங்கியிருக்கும், கழுவினால் போகாது. பூனையின் சிவப்பணு அதில் எளிதாக உடையும். ஏற்கெனவே பிசிவி 22-இல் நிற்கும் பூனைக்கு அது சுத்தமாக ஆகாது. மீன் வேகவைக்கும்போதே இரண்டு துண்டைத் தனியாக வெறும் தண்ணீரில் வேகவைத்துவிடுங்கள்.

---

உறையூர் பூனை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீங்க சொன்னபடி செஞ்சதில் முடிவு இதோ. சீரம் எலைசா பாசிட்டிவ், புரோவைரஸ் பி.சி.ஆர். பாசிட்டிவ். ரெட்டிகுலோசைட் நல்லா ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னார். ஹீமோஃபெலிஸ் பி.சி.ஆர். பாசிட்டிவ், டாக்ஸிசைக்ளின் போய்க்கிட்டு இருக்கு. பிசிவி இப்ப 28, காய்ச்சல் இல்லை, சாப்பாடு முழுசா. மணி முதல் டெஸ்ட் நெகட்டிவ்.

இப்ப ரெண்டு சந்தேகம். வாட்ஸ்ஆப் குழுவில் ஒருத்தர் ஜிஎஸ் ஊசி போட்டா வைரஸே போயிடும்ங்கிறார், இன்னொருத்தர் நிலவேம்பும் பப்பாளி இலைச் சாறும் கொடுக்கச் சொல்றார். கூடவே இரும்புச்சத்து டானிக். இதில் எதையாவது செய்யலாமா? இனிமே அவனை வீட்டில் எப்படிக் கண்காணிக்கிறது?

---

கால்நடை நிலா

பிசிவி 28 ரொம்ப நல்ல செய்தி தம்பி. மஜ்ஜை வேலை செய்யுதுங்கிறது அதைவிட நல்ல செய்தி. மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை முடிங்க, பூனை துள்ளிக் குதிக்குதுன்னு நடுவில் நிறுத்தாதீங்க. முடிச்ச பிறகும் இந்தக் கிருமி கொஞ்சம் உள்ளே தங்கி, பின்னாடி எதிர்ப்புச் சக்தி குறையும்போது தலைதூக்கலாம், அதை மனசில் வெச்சுக்கோங்க.

ஜிஎஸ் ஊசி வேற நோய்க்கு. பூனை கொரோனா வைரஸால் வர்ற எஃப்ஐபிக்கு அது நல்லா வேலை செய்யுது, அதில் சந்தேகமில்லை. ஆனா அது தடுக்கிறது கொரோனா வைரஸ் தன் ஆர்என்ஏவைப் பிரதி எடுக்கிற வேலையை. லுகேமியா வைரஸ் ஏற்கெனவே பூனையோட டி.என்.ஏ.வுக்குள்ளே உட்கார்ந்திருக்கு, அதை எந்த ஊசியாலும் பிடுங்கி எடுக்க முடியாது. பணத்தை அதில் போடாதீங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனைக்கு வெச்சுக்கோங்க. ஜிடோவுடின்னு ஒரு மருந்து சில இடத்தில் கொடுக்கிறாங்க, அதோட பக்கவிளைவே ரத்தசோகை, கருப்பன் நிலைமைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பூனை இன்டர்ஃபெரான் ஒமேகாங்கிற மருந்தால சில பூனைக்கு நிலைமை தேறியிருக்கு, வைரஸ் போகாது.

நிலவேம்பு, பப்பாளி இலை ரெண்டும் இந்த வைரஸுக்குப் பூனையில் நிரூபிக்கப்படலை. கசப்பை வாயில் ஊத்தினா நுரை தள்ளும், சாப்பாட்டையே வெறுத்துடும். இந்தப் பூனைக்குச் சாப்பாடு நின்னா பெரிய நஷ்டம். ஒரு நாள் முழுக்க எதுவும் தொடலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா ஈரலில் கொழுப்பு அடைச்சு அதுவே தனி நோயாகும். இரும்பு டானிக், தெள்ளு நிறைய ரத்தம் குடிச்சு இரும்பு குறைஞ்சிருந்தா மட்டும் உதவும், அதையும் டாக்டர் பார்த்துச் சொல்லணும். காய்ச்சல்னு பாரசிட்டமால் கொடுத்துடாதீங்க, ஒரே ஒரு 500 மி.கி. மாத்திரை பூனையைக் கொன்னுடும். வாய்ப்புண்ணுக்கு உடனே ஸ்டீராய்டு போடறதையும் கேள்வி கேளுங்க. எதிர்ப்புச் சக்தியை அது இன்னும் கீழே இறக்கும், தெளிவான காரணம் இல்லாம வேண்டாம்.

கண்காணிப்பு இப்படி வெச்சுக்கோங்க. வாரம் ஒரு தடவை, ஒரே நாள், ஒரே நேரம், எடை. நாம ஏறி நிக்கிற எடைமெஷினில் பூனையைத் தூக்கிக்கிட்டு நின்னு கழிக்கிற வழக்கம் வேண்டாம், 100 கிராம் வித்தியாசம் அதில் தெரியவே தெரியாது. குழந்தை எடைமெஷின் அல்லது 10 கிலோ வரை எடுக்கிற கடைத் தராசில் ஒரு கூடையை வெச்சு, கூடை எடையை பூஜ்யமாக்கிட்டு உட்கார வைங்க. 3.4 கிலோவில் 170 கிராம் குறைஞ்சாலே அஞ்சு சதவீதம், அது காரணம் தேட வேண்டிய அளவு.

தினமும் பகல் வெளிச்சத்தில் ஈறு. மேலுதட்டை விரலால் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே பாருங்க. கருப்பு நிறப் பூனைக்கு ஈறில் கரும்புள்ளி இருக்கலாம், அப்ப நாக்கையும் கண் இமை உள்பக்கத்தையும் பாருங்க. டியூப் லைட்டில் பார்த்தா வெளுப்பு தெரியாம ஏமாந்துடுவோம். மஞ்சள் தட்டினா அன்னைக்கே டாக்டர்.

நல்லாத் தூங்கும்போது மூச்சு எண்ணுங்க. நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு. ஒரு நிமிஷத்துக்கு 30-க்குள் இருக்கணும். குறுகுறுன்னு உறுமிக்கிட்டு இருக்கும்போது எண்ணாதீங்க, கூடுதலா வரும். இதை நான் வற்புறுத்துறதுக்குக் காரணம், லுகேமியா வைரஸ் உள்ள இளம் பூனைக்கு நெஞ்சுக்குள்ளே நிணநீர்ப் புற்று வரலாம். கட்டி வளர்ந்து நீர் கோத்துக்கும், பூனை உட்கார்ந்தபடியே முழங்கையை அகட்டி மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு விட்டா அது அவசரம், வீட்டில் வெச்சுப் பார்க்காதீங்க. தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னாடி, முழங்காலுக்குப் பின்னாடி நிணநீர்க் கணு பட்டாணியைவிடப் பெருசாத் தட்டுப்பட்டாலும் காட்டுங்க. ரெண்டு கண்பாவை ஒரே அளவில் இல்லைன்னாலும் சொல்லணும், நரம்பை இந்த வைரஸ் தொடும்போது அப்படி ஆகும்.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை, சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை). தடுப்பூசி நிறுத்தக் கூடாது, கிடைச்சா கொல்லப்பட்ட கிருமி வகை ஊசியா கேளுங்க. ரேபிஸ் கண்டிப்பா.

எவ்வளவு நாள்னு கேட்டிருந்தீங்க. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பூனை நல மையம் சொல்றது, நோய் தெரிஞ்ச பிறகு வாழ்நாளின் நடுமதிப்பு இரண்டரை வருஷம். அதாவது பாதிப் பூனைகள் அதுக்கு மேலேயும் வாழுது. நிலைத்த தொற்றா இல்லையான்னே இன்னும் முடிவாகலை, அடங்கிய வகையா மாறினா இந்தக் கணக்கே பொருந்தாது. இன்னைக்குச் சாப்பிடற, விளையாடற, வலியில்லாத பூனையைத் தூங்க வைக்க எந்தக் காரணமும் இல்லை. சொந்தக்காரங்க கேட்டா இதையே சொல்லுங்க.

---

லேப் மேசை

ஒரு சின்னச் சேர்க்கை. கருப்பனுக்கு அடுத்த எலைசா முதல் டெஸ்ட் தேதியிலிருந்து எண்ணி எட்டாவது வாரம், அதையும் சீரத்திலேயே கேளுங்கள். பிசிவி 30-ஐத் தாண்டிய பிறகே கருத்தடைக்கு நாள் குறியுங்கள், அதே மயக்கத்தில் வாய்க்குள் பல்லையும் ஈறையும் பார்த்துவிடச் சொல்லலாம். ஆபரேஷன் தேதியும் எட்டாவது வாரமும் பக்கத்தில் வந்தால் ஒரே ஊசிக் குத்தில் இரண்டு குழாயும் நிரப்பிக்கொள்ளலாம். மணியின் இரண்டாவது டெஸ்ட் வரும் வரை கதவு மூடியே இருக்கட்டும். கருப்பன் எட்டாவது வாரம் நெகட்டிவ் ஆனாலும், இன்னொரு எலைசாவும் நெகட்டிவ் வந்த பிறகே கதவைத் திறப்பது பற்றி யோசியுங்கள்.